வழுக்கா ஏலத்தின் தாய்

முதல் தடவை நான் மலையிலிருந்து கொண்டுவந்த ஏலக்காய்ச் செடியின் இலைகள் மதுரைக்கு வந்து சேர்ந்தபோது டீத்தூள் நிறத்தில் இருந்தன. போடியில் ஐஸ் பேக்டரியில் பாளம் வாங்கி, தகரப் பெட்டியில் இலைகளோடு அடுக்கி, உமி கொட்டி, மேலே ஈரச் சாக்கைச் சுற்றித்தான் எடுத்து வந்தேன். ஆனால் அது சித்திரை மாதம். தேனி தாண்டும்போதே பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் ஒழுகி, பஸ்சில் எனக்கு முன்னால் இருந்தவரின் வெல்ல மூட்டையை நனைத்துவிட்டது. உசிலம்பட்டி வரைக்கும் அவர் திட்டிக்கொண்டே வந்தார். ஆய்வுக்கூடத்தில் இலையை அரைத்து வடிகட்டியபோது பசபசவென்று ஒரு கூழ் வந்தது. பச்சையே இல்லை. கொழகொழப்பும் துவர்ப்பும்தான் மிச்சம். அதைக் கழுவுதொட்டியில் கொட்டினேன்.

அடுத்த மாதமும் கொட்டினேன். அதற்கடுத்த மாதமும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் தாவரவியல் ஆய்வு மாணவியாகச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. சொந்த ஊர் ராசிங்காபுரம். அப்பா நிலக்கடலையும் சோளமும் போடும் சம்சாரி. அக்காவைப் போடியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அக்கா வீட்டுக்காரரான மச்சானுக்குப் போடிமெட்டுக்கு மேலே ஒரு சின்ன ஏலத் தோட்டம் இருந்தது. பள்ளி விடுமுறைக்கெல்லாம் நான் அங்கேதான் போவேன். ஜீப்பில் மேலே ஏற ஏறக் காது அடைப்பதும், திடீரென்று குளிர் வந்து கையைப் பிடிப்பதும் எனக்கு அப்போதே பழக்கம்.

ஏலத்தில் மூன்று வகை உண்டு என்பதை எனக்குப் பாடப்புத்தகம் சொல்லித்தரவில்லை. மச்சானின் சண்டைகள்தான் சொல்லித்தந்தன. மலபார் வகையில் பூவும் காயும் பிடிக்கும் சரம் தரையோடு படர்ந்து கிடக்கும். மைசூர் வகையில் சரம் நிமிர்ந்து நிற்கும். வழுக்கா என்று ஒரு வகை, இரண்டுக்கும் நடுவில், சாய்ந்தும் சாயாமலும் நிற்கும். மலபாரும் மைசூரும் தாமாகக் கலந்து பிறந்ததுதான் வழுக்கா என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் சண்டை இல்லை. எது ஆத்தா, எது அப்பன் என்பதில்தான் சண்டை. மைசூர்தான் ஆத்தா என்பது மச்சானின் கட்சி. போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கும் இடத்துக்கு எதிரிலிருந்த டீக்கடையில், மலபார்தான் ஆத்தா என்று சொன்ன ஒருவரோடு அவர் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்.

எம்.எஸ்ஸி. படிக்கும்போது எங்கள் பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் இலையின் பச்சைக்குக் காரணமான பசுங்கணிகத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார். செல்லின் நடுவில் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. தவிர, பசுங்கணிகத்துக்குள்ளும் தனியாக ஒரு டி.என்.ஏ. வளையம் இருக்கிறது என்றார். உட்கருவில் இருப்பது தாயிடம் பாதி, தந்தையிடம் பாதி. பசுங்கணிகத்தில் இருப்பதோ பெரும்பாலான செடிகளில் தாயிடமிருந்து மட்டுமே வருவது. மகரந்தம் அதைக் கொண்டுவருவதில்லை. அவர் கரும்பலகையில் வளையத்தை வரைந்து முடிக்கும் முன்பே என் மனம் டீக்கடைக்குப் போய்விட்டது. மூன்று வகையின் பசுங்கணிக டி.என்.ஏ.வையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வழுக்காவுடையது யாருடையதைப் போல இருக்கிறதோ அதுதான் ஆத்தா. இவ்வளவுதானே!

அந்த ‘இவ்வளவுதானே’வுக்கு எனக்கு நான்கு ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது தடவை கூழைக் கொட்டிய அன்று பேராசிரியர் என்னை அறைக்கு அழைத்தார். வெளிநாட்டில் இந்த முறையைப் படித்துவிட்டு வந்தவர், பொறுமைசாலி, ஆனால் அவருக்கும் ஒரு எல்லை இருந்தது.

“ஏம்மா, பசலைக்கீரையில செய். மார்க்கெட்ல காலையில வாங்குனா பத்து மணிக்கு அரைச்சிடலாம். ஏலம் முரட்டு இலை. நாரும் கொழகொழப்பும் உன்னை விடாது.”

“கீரையில ஏற்கெனவே எல்லாரும் செஞ்சுட்டாங்க சார்.”

“அதனாலதான் உனக்கும் வரும்ங்கறேன்.”

“எனக்குக் கீரையில கேக்கறதுக்குக் கேள்வி இல்ல சார்.”

துடுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே இல்லை. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பொங்கல் வரைக்கும் பாரு,” என்றார்.

மலை ஏலத்தை மதுரையில் வளர்த்துப் பார்த்திருந்தேன். ஆறு கிழங்குகளைத் தொட்டியில் நட்டு, ஈரச் சாக்குப் பந்தல் போட்டு, மூன்று வேளை தண்ணீர் தெளித்தும் ஒவ்வொன்றாகக் கருகிப் போயின. செடியும் கீழே வராது, இலையும் வராது. அப்படியானால் நான்தான் மேலே போக வேண்டும். மார்கழியில் தோட்டத்தில் அடிக்கிற குளிர் எங்கள் ஆய்வுக்கூடக் குளிர்பெட்டிக்கு ஒன்றும் குறைந்ததல்ல. இலையைப் பறித்த இடத்திலேயே அரைத்து, பசுங்கணிகத்தை அங்கேயே பிரித்துவிட்டால், மீதி வேலையை மதுரையில் செய்யலாம். பிரிப்பதற்கு, வேகமாகச் சுழற்றிக் கனமானதை அடியில் படியவைக்கும் ஒரு எந்திரம் வேண்டும். துறையின் சாமான் அறையில் கையால் சுற்றும் பழைய எந்திரம் ஒன்று தூசிபிடித்துக் கிடந்தது. எப்போதோ ரத்தச் சோதனைக்கு வாங்கியது. எண்ணெய் விட்டுச் சுற்றினேன், சுழன்றது.

ஒரே ஒரு சிக்கல். பிரித்தெடுத்ததை மதுரை வரைக்கும் கெடாமல் கொண்டுவருவது எப்படி? ஐஸை நான் இனி நம்புவதாக இல்லை. பேராசிரியர், “திரவ நைட்ரஜன் இருந்தா ஒரு நொடியில உறைஞ்சிடும். ஆனா போடியில அதுக்கு எங்க போவ?” என்றார்.

எனக்குத் தெரியும், அது எங்கே இருக்கிறது என்று. எங்கள் வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட அப்பா ஓட்டிக்கொண்டு போகும்போது நானும் கூடப் போயிருக்கிறேன். மாட்டாஸ்பத்திரியில் மூலையில் ஒரு அலுமினியக் கேன் இருக்கும். மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை வழியும். அதற்குள்தான் காளை விந்துக் குழாய்களை வைத்திருப்பார்கள்.

டாக்டர் ஐம்பதை நெருங்கியவர், எந்நேரமும் முழங்கை வரை கழுவிய கையோடு இருப்பார். முதல் முறை போனபோது முழுதாகக் கேட்காமலே முடியாது என்றார். இரண்டாவது முறை, அரசாங்கச் சரக்கு என்றார். மூன்றாவது முறை போனபோது அவர் இல்லை. வாசலில் மாடுகளோடு நின்றுவிட்டுத் திரும்பினேன். நான்காவது முறை, ஒரு எருமையின் கன்றை வெளியே இழுத்துப் போட்டுவிட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

“சரி, உக்காரு. அந்த ஏலச்செடிக்கு என்ன நோவுன்னு இப்பவாவது சொல்லு.”

சொன்னேன். கலப்பு என்றதும் நிமிர்ந்தார்.

“இங்க காளை எதுன்னு நாங்க நோட்டுல எழுதி வைக்கிறோம். ஆத்தா எதுன்னு எழுத வேண்டிய அவசியமே இல்ல, வாசல்ல கட்டியிருக்கு. உனக்கு அங்க ஆத்தாவே தெரியலையாக்கும்?”

“ஆமா சார்.”

அவர் சிரித்தது மாடுகளுக்கே கேட்டிருக்கும். “புதுச் சரக்கு வர்ற அன்னிக்கு அடியில கொஞ்சம் மிஞ்சும். பழைய சின்னக் கேன் ஒண்ணு கெடக்கு, அதுல தர்றேன். ஒண்ணு ஞாபகம் வச்சுக்க, முதல்ல மாடு, அப்புறந்தான் ஏலக்கா. கேனைச் சாய்ச்சுராத, மூடியை இறுக்கிராத. இறுக்குனா வெடிக்கும்.”

மார்கழி பிறந்ததும் அந்தக் கேனை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு ஜீப்பில் மலையேறினேன். முன் சீட்டில் எனக்கு இடம் கொடுத்த டிரைவர் புகையைப் பார்த்து, “என்னத்தா, எஸ்டேட்டு மாட்டுக்கு ஊசியா?” என்றார். ஆமாம் என்றேன். ஏலச்செடிக்கு என்று சொல்லியிருந்தால் கொண்டைஊசி வளைவுகளில் அவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார்.

தோட்டத்தில் எனக்குத் துணையாக மச்சான் ஒரு வேலைக்காரப் பெண்ணை அனுப்பினார். தேவாரத்துக்காரி. காட்டுச் சோளத்தை யானைகள் இரண்டு வருஷம் தொடர்ந்து அழித்துவிட, கணவனோடு மலைக்கு வேலைக்கு வந்தவள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். மச்சான் எனக்காக ஒதுக்கி, துணி கட்டி வைத்திருந்த செடிகளைப் பார்த்தவுடன் அவள் ஒன்றைக் காட்டி, “இது மைசூர் இல்லத்தா, வழுக்கா,” என்றாள்.

“மச்சான் மைசூர்னு சொன்னாரே?”

“மொதலாளி காயைப் பாத்துச் சொல்வாரு. நாங்க சரத்துக்குக் கீழ உக்காந்து காய் எடுக்கறவக. போன ஆவணியில இது சாஞ்சுதான் நின்னுச்சு.” பிறகு ஒரு மலபார் இலையைப் பறித்து அதன் அடிப்பக்கத்தை என் கன்னத்தில் தேய்த்தாள். மெல்லிய பூனைமயிர் தட்டுப்பட்டது. மைசூர் இலையைத் தேய்த்தாள். வழவழவென்று இருந்தது. அன்று மாலைக்குள் மூன்று வகையிலும் நல்ல செடிகளை நாங்கள் இருவரும் புதிதாகத் தேர்ந்தெடுத்தோம். அவள் அந்த ஒரு வார்த்தை சொல்லியிருக்காவிட்டால் என் ஆய்வு முழுவதும் தலைகீழாகியிருக்கும்.

இலையில் மாவுச்சத்து இருந்தால் சுழற்றும்போது அது பசுங்கணிகத்தைக் கிழித்துவிடும். அதனால் செடியை மூன்று நாள் இருட்டில் வைக்க வேண்டும். தார்ப்பாய்களைக் கொண்டு செடிகளை மூடிக் கட்டினோம். வேலைக்குப் போகிற பெண்களெல்லாம் நின்று பார்த்தார்கள்.

“என்னத்தா இது, சமஞ்ச பிள்ளைய குச்சுல ஒக்கார வச்ச மாதிரி?” என்றாள் ஒருத்தி.

“தண்ணி ஊத்துறன்னைக்குச் சொல்லிவிடு, சீர் கொண்டாறோம்!” என்றாள் இன்னொருத்தி.

நான்காம் நாள் விடியற்காலை ஏலம் உலர்த்தும் ஸ்டோரின் பின்பக்கத் தாழ்வாரத்தில் கடை விரித்தோம். வாயிலிருந்து ஆவி வந்தது. விரல் மரத்துப்போயிருந்தது. எனக்கு அது வரம். அரைக்கும் கல்வத்தைப் பனியில் வைத்திருந்தேன். இலையை நரம்பு நீக்கி, மெல்லிசாக நறுக்கி, குளிர்ந்த கரைசல் ஊற்றி, அதிகம் அழுத்தாமல் அரைத்தேன். இலை கறுக்காமலிருக்க அந்தக் கரைசலில் என்னென்ன சேர்ப்பது என்று ஆறுமாதம் தடுமாறித்தான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். நாலு மடிப்பு மல்துணியில் வடிகட்டியபோது பச்சைச் சாறு வந்தது. கறுக்காத, கிளிப்பச்சைச் சாறு. நான் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“வெரசா, வெரசா! பாத்துக்கிட்டு நின்னா ஆறிப்போயிருமே?” என்றாள் தேவாரத்து அக்கா. குளிர்ந்துதான் இருக்க வேண்டும் என்று நான் அவளுக்குப் பத்து தடவை சொல்லியிருந்தேன். இருந்தாலும் அவசரம் என்பதை அவள் சரியாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

எந்திரத்தின் கைப்பிடியைப் பத்து நிமிடம் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நடுவில் வேகம் குறைந்தால் படிந்தது கலங்கிவிடும். நான் மூன்று நிமிடத்தில் தோள் இறங்கிப்போனேன். அவள் என்னை நகர்த்திவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிடம், பிறகு கழுவிவிட்டு இன்னொரு பத்து, மறுபடியும் பத்து. அவள் கை தளரவே இல்லை. கடைசியில் குழாயின் அடியில் சுண்டுவிரல் நகமளவு கரும்பச்சை உருண்டை ஒன்று ஒட்டியிருந்தது. கேனுக்குள் இறக்கினேன். சுர்ரென்று ஒரு சத்தம். நான்கு நாளில் மூன்று வகைக்கும் சேர்த்து இருபத்தெட்டுக் குழாய்கள் தேறின.

போடியிலிருந்து மதுரைக்கு ரயிலில் போனேன். கேன் மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளைப் புகை மெல்ல வழிந்து சீட்டுக்கடியில் ஓடியது. எதிரில் இருந்த குடும்பம் முதலில் காலைத் தூக்கியது, பிறகு மூட்டையைத் தூக்கியது, பிறகு அடுத்த பெட்டிக்கே போய்விட்டது. மதுரை வரைக்கும் அகலமாகக் காலை நீட்டிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் சுவரைத் தலையால் முட்டும் வேலைதான். பசுங்கணிகத்தை உடைத்து, ஒரு கனமான உப்புக் கரைசலில் சாயத்தோடு கலந்து, பெரிய எந்திரத்தில் ஒன்றரை நாள் சுழற்ற வேண்டும். மின்சாரம் இரண்டு தடவை காலை வாரியது. பன்னிரண்டு குழாய்கள் அப்படியே போயின. மூன்றாம் தடவை, புறஊதா விளக்கின் கீழ் குழாயைப் பிடித்தேன். நடுவில் நூல் கனத்தில் ஒரு ஆரஞ்சு வளையம் ஒளிர்ந்தது. ஏலத்தின் பசுங்கணிக டி.என்.ஏ. ஊசியை வைத்து அதை உறிஞ்சும்போது ஊசி அசையாமலிருக்கக் கூடப் படித்த தோழி என் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.

டி.என்.ஏ.வை அப்படியே பார்த்து ஒன்றும் தெரியாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டுகிற நொதியை விட்டுத் துண்டாக்கி, கூழ் போன்ற ஒரு பலகையில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட வேண்டும். சின்னத் துண்டு தூரம் ஓடும், பெரிய துண்டு பின்தங்கும். ஏணிப்படி மாதிரி கோடுகள் விழும். நொதி வெளிநாட்டிலிருந்து உறைபனியில் வரவேண்டும். வந்து சேர அதற்கடுத்த வருஷம் ஐப்பசி ஆகிவிட்டது. மூன்று வகையையும் வெட்டி ஓடவிட்டு, படம் எடுத்துக் கழுவிப் பார்த்தோம். மைசூருக்கும் வழுக்காவுக்கும் படிகள் அச்சாக ஒன்று. மலபாருக்கு மட்டும் மேலே கூடுதலாக ஒரு கோடு.

பேராசிரியர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறைக்குள் இரண்டு சுற்று நடந்தார். “மைசூர்தான் தாய்,” என்றார். அப்போதே கருத்தரங்குக்குச் சுருக்கம் எழுதச் சொன்னார்.

தீபாவளிக்குப் போடிக்குப் போனேன். சொல்லாமல் வந்திருக்கலாம். ஆனால் நான்கு வருஷமாக, “இலைய அரைச்சு அப்படி என்னத்தா காணப்போற?” என்று கேட்ட மச்சான் எதிரில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும்போது நாக்கு நிற்கவில்லை.

“மச்சான், மைசூர்தான் ஆத்தா.”

அவர் கையிலிருந்த அதிரசத்தைக் கீழே வைத்தார். “எழுதித் தருவியா?”

“படமே இருக்கு.”

அன்று மாலையே டீக்கடையில் சொல்லிவிட்டார். கொழுந்தியா எந்திரத்தில் பார்த்துச் சொல்லிவிட்டாள் என்று மறுநாள் ஏலத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு வாரம் கழித்து, கட்டுரைக்காக ஒவ்வொரு கோடும் எவ்வளவு தூரம் ஓடியது என்று அந்தப் படத்தில் அடிக்கோலை வைத்து அளந்துகொண்டிருந்தேன். மலபாரின் கூடுதல் கோடு மற்றவற்றைவிட மங்கலாக இருந்தது. அதன் அளவைக் கணக்கிட்டேன். கீழே இருந்த இரண்டு துண்டுகளைக் கூட்டினால் என்ன வருமோ அதுதான் வந்தது. மறுபடி கூட்டினேன். மலபாரில் அது தனித் துண்டே இல்லையோ? நொதி ஒரு இடத்தில் சரியாக வெட்டாமல் விட்டுப்போய், இரண்டு துண்டும் ஒட்டியபடியே ஓடியிருந்தால் இப்படித்தான் தெரியும். மலபார் இலையில்தான் கொழகொழப்பு அதிகம். அது நொதியின் வேலையைக் கெடுக்கும்.

படத்தைப் பேராசிரியர் மேசைமேல் வைத்துச் சொன்னேன். அவர் அதை விளக்கருகே பிடித்துப் பார்த்தார்.

“சந்தேகம்னு பார்த்தா எல்லாத்துலயும் சந்தேகம் வரும்மா. சுருக்கம் அனுப்பியாச்சு.”

“மலபாரை மட்டும் இன்னொரு தடவை சுத்தமா எடுத்து வெட்டிப் பாக்கறேன் சார்.”

“பழைய மலபார் தீர்ந்துபோச்சு. நொதியும் இன்னும் ஒரு தடவைக்குத்தான் இருக்கு. கோடு வரலைன்னா உன் கையில என்ன மிஞ்சும்?”

“பொய் மிஞ்சாது சார்.”

அவர் ஜன்னலைப் பார்த்தபடி, “போய்ட்டு வா,” என்றார். கருத்தரங்குக்கு அனுப்பிய சுருக்கத்தை அவரே கடிதம் எழுதித் திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதற்காக இன்றும் அவரை நினைத்துக்கொள்கிறேன்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாட்டு டாக்டர், “இந்த மழையிலயா?” என்று கேட்டுக்கொண்டே கேனை நிரப்பித் தந்தார். போடிமெட்டுக்குப் பாதி வழியில் ஜீப்பு நின்றது. மேலே மண் சரிந்து பாதையில் பாறை கிடந்தது. டிரைவர் திரும்பிவிடலாம் என்றார். திரும்பினால் நைட்ரஜன் ஆவியாகிப் போகும், அடுத்த சரக்கு எப்போது வருமோ தெரியாது. மேலேயிருந்து வேலைக்காரர்கள் சிலர் சரிவின் ஓரமாக இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். மனிதர்கள் இறங்க முடிந்தால் ஏறவும் முடியும் என்று நினைத்துக்கொண்டேன்.

சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. கேனைச் சாய்க்கக் கூடாது என்பதால் மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு அடி வைத்து, ஊன்றி, அடுத்த அடி வைத்தேன். சரிவைத் தாண்டி மெட்டு வரைக்கும் நடந்தேன். அங்கிருந்து மாநில எல்லைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் போகிற லாரி ஒன்று தோட்ட முகப்பில் இறக்கிவிட்டது. வேலைக்காரர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் தேவாரத்து அக்கா என்னைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

“ஆத்தாடி! இந்தக் கோலத்துல எதுக்குத்தா வந்த?”

“போன தடவை தப்பாயிருச்சோன்னு சந்தேகமா இருக்குக்கா. மலபாரை மட்டும் மறுபடி சுத்தணும்.”

அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. “தார்ப்பாயி ஸ்டோர்லதான் கெடக்கு. முதல்ல சேலைய மாத்து,” என்றாள்.

இந்த முறை ஒவ்வொரு குழாயையும் மூன்று தடவைக்குப் பதில் ஆறு தடவை கழுவினோம். அவள்தான் சுற்றினாள்.

மதுரையில் அந்த மலபார் டி.என்.ஏ.வில் மீதியிருந்த நொதியில் பெரும்பங்கை விட்டு, நேரத்தையும் இரட்டிப்பாக்கி வெட்டினேன். மைசூர், வழுக்கா இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம். நான்காவதாகச் சித்தரத்தையைச் சேர்த்துக்கொண்டேன். நாட்டுமருந்துக்காரர் ஒருவர் தோட்டத்திலிருந்து இலை வாங்கி, அதன் டி.என்.ஏ.வை எடுத்து வைத்திருந்தேன். அது ஏலத்துக்குத் தூரத்து உறவு. அதற்குப் படிகள் மாறி விழ வேண்டும். விழாவிட்டால் என் முறையே குருடு என்று அர்த்தம்.

படத்தைக் கழுவும் தண்ணீருக்குள்ளேயே தெரிந்துவிட்டது. சித்தரத்தை தனியாக நின்றது. ஏலத்தின் மூன்று வகையும் ஒரே ஏணி. கூடுதல் கோடு இல்லை.

தோழி என் தோளைத் தொட்டாள். நான் அழவில்லை. எனக்கு வந்தது களைப்புதான். கண் சரியாகப் பார்க்கிறது, பார்த்த இடத்தில் வித்தியாசம் இல்லை. தாய் யார் என்று இந்த வழியில் சொல்ல முடியாது. நான்கு ஆண்டு உழைப்புக்கு இதுதான் விடை. சரியான விடை என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

மச்சானிடம் சொல்ல வேண்டியிருந்தது. கடிதம் எழுதலாம் என்றாள் தோழி. கடைவீதி முழுக்கப் பரவியதைக் கடிதத்தில் திரும்ப வாங்க முடியாது. போடிக்குப் போனேன். ஏல நாள். டீக்கடையில் அவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் அங்கே போய் நிற்கும் வழக்கம் இல்லை. நான் போய் நின்றேன்.

“மச்சான், நான் தீபாவளிக்குச் சொன்னது தப்பு. திரும்பப் பாத்தேன். மூணும் ஒண்ணு போலத்தான் இருக்கு. யாரு ஆத்தான்னு சொல்ல முடியாது.”

மலபார் கட்சிக்காரர் ஒருவர் லேசாகச் சிரித்தார். அவர் பக்கம் திரும்பி, “மலபாருன்னும் சொல்ல முடியாதுங்க,” என்றேன். சிரிப்பு அடங்கியது.

மச்சான் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “அதை வீட்டுல வச்சுச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க இங்க வச்சுத்தான சொன்னீக மச்சான்.”

அவர் போய்விட்டார். அதன்பிறகு ஏழெட்டு மாதம் என்னோடு பேசவில்லை. அக்கா நடுவில் கிடந்து தவித்தாள். ஆனாலும் என்னிடம், “நீ சொன்னது சரிதான்டி. அவுகளுக்கும் தெரியும், ஆனா ஆறணும்ல,” என்றாள்.

ஆய்வேட்டை எழுதி முடித்தேன். வித்தியாசம் இல்லை என்பதை நூற்றைம்பது பக்கத்துக்கு எழுதுவது எளிதல்ல. மலை ஏலத்தில் பசுங்கணிக டி.என்.ஏ. எடுப்பது எப்படி, எங்கெங்கே கெடும், கெடாமல் காப்பது எப்படி, தவறான கோடு எப்படி ஏமாற்றும் என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். என் அசட்டுப் படத்தையும் சேர்த்தேன். பேராசிரியர் அதை நீக்கச் சொல்வார் என்று நினைத்தேன். நீக்கச் சொல்லவில்லை.

வாய்மொழித் தேர்வு அன்று கூடம் பாதி நிறைந்திருந்தது. யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம் என்பது விதி. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடுமையானவர். “ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பதற்கு ஏன் பட்டம் தர வேண்டும்?” என்று கேட்டார். நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். முதல் படத்தோடு நின்றிருந்தால் ஒரு பொய்யைக் கண்டுபிடித்திருப்பேன், இரண்டாவதனால் அதைத் தடுத்தேன் என்றேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டார்.

வேறு யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்கள். கடைசி வரிசையில் ஒருவர் எழுந்தார். வெள்ளை வேட்டி, சலவை மடிப்புக் கலையாத சட்டை. மச்சான். அவர் வந்து உட்கார்ந்ததை நான் கவனிக்கவே இல்லை.

“நான் ஏலத் தோட்டக்காரன். படிப்பெல்லாம் கெடயாது,” என்று ஆரம்பித்தார். கூடம் திரும்பிப் பார்த்தது. “இந்தப் பச்சையில இருக்கறது ஆத்தா குடுத்தது மட்டும்தானு சொன்னீக. அதுல மூணும் ஒண்ணா இருக்குன்னீக. சரி, ஒத்துக்கிட்டேன். அப்ப சரம் மட்டும் ஏன் ஒண்ணு படுக்குது, ஒண்ணு நிக்குது? அந்த வித்தியாசம் வேற எங்கயோதான இருக்கணும்? அதத் தேடுனீகளா?”

என்னிடம் அவர் மரியாதைப் பன்மையில் பேசியது அதுதான் முதல் தடவை. தேர்வாளர் பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அது உட்கருவுல இருக்கற டி.என்.ஏ.வுல இருக்கணும். ஆத்தா பாதி, அப்பன் பாதி,” என்றேன். “பசுங்கணிகத்துல இருக்கறதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பெருசு. நான் இன்னும் தேடல.”

“அப்ப அதுல பாத்தா தெரியுமா?”

“தெரியலாம். பல வருஷம் ஆகும்.”

“ஆகட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்தார்.

பட்டம் தந்தார்கள். வெளியே வராந்தாவில் அக்கா பூவோடு நின்றிருந்தாள். மச்சான் கொஞ்சம் தள்ளித் தூணருகே நின்றார். நான் அவரிடம் போனேன்.

“மூணு வகையையும் நானே கைபட ஒண்ணோட ஒண்ணு கலந்து, வெத எடுத்து வளத்துப் பாக்கணும் மச்சான். தோட்டத்துல எனக்கு ஒரு மூலை வேணும்.”

“ஓடைக்கு மேல ஒரு துண்டு சும்மா கெடக்கு,” என்றார். “எப்ப வர்ற?”

“வைகாசியில பூ எடுக்கும்ல. அப்ப வர்றேன்.”